மூட்டைப்பூச்சிக்காக வாதாடிப் பெற்ற மாடி

திருமணமாகி ஐந்து மாதங்கள் கடந்த பின்னும் நான் பிரம்மச்சாரியாகவே வாழ்ந்துகொண்டிருந்தேன். இதில் தத்துவம் ஏதுமில்லை. வீடு இல்லை, அவ்வளவுதான். செஞ்சித் தாலுக்கா அலுவலகத்தில் நகல் எழுதும் குமாஸ்தாவாகிய எனக்கு, கடைத்தெருவில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே, வேறு இரு குமாஸ்தாக்களோடு பங்கிட்டுக்கொண்ட ஓர் அறை இருந்தது. மூவரும் படுத்துவிட்டால் ஒரு சொம்பு வைக்க இடமிராது. அவலூர்பேட்டையில் மிளகாய் மண்டி நடத்திய என் மாமனார் அந்த அறையை ஒருமுறை பார்க்க வந்தார். வாசற்படியைத் தாண்டாமலே தீர்ப்பளித்தார்.

"மாப்ள, வீடுன்னு ஒண்ணு பாருங்க. கரெண்டு இருக்கணும். கக்கூசு உள்ளயே இருக்கணும். பாத்துட்டு ஒரு காயிதம் போடுங்க, நானே பொண்ணக் கூட்டிக்கினு வரேன். எனக்குப் புடிச்சிதுன்னா உட்டுட்டுப் போறேன். புடிக்கலன்னா அடுத்த பஸ்ஸுலயே கூட்டிக்கினு போயிடுவேன்."

மேல்முறையீட்டுக்கு இடமில்லாத தீர்ப்பு அது. என் மனைவி என்னோடு வாழ்வதும் வாழாதிருப்பதும் ஒரு மின்விளக்கையும் ஒரு கழிப்பறையையும் பொறுத்ததாயிற்று.

என்னைப் பற்றி ஒரு சொல். ஒரு சொல் என்று தொடங்கி ஒரு மணி நேரம் பேசுவது என் தொழில்முறை வழக்கம், இங்கே சுருக்கிக்கொள்கிறேன். அந்நாளில் எங்கள் வட்டாரத்தில் மேடைக்குப் பஞ்சமில்லை. மூன்று பேர் கூடினால் ஒருவர் தலைமை தாங்குவார், ஒருவர் வரவேற்பார், ஒருவர் நன்றி நவில்வார். கேட்பதற்கு மட்டும் வெளியூரிலிருந்து ஆள் அழைத்துவர வேண்டும். அத்தகைய மண்ணில் வளர்ந்து, கல்லூரிச் சொற்பயிற்சி மன்றத்தில் முறையாகப் பயின்றவன் நான். மூச்சை எங்கே இழுப்பது, குரலை எங்கே தாழ்த்துவது, கைதட்டல் ஓயும்வரை தோள்துண்டை எவ்வாறு சரிசெய்துகொண்டே நிற்பது என்பவையெல்லாம் எனக்கு அத்துப்படி. எத்தலைப்பாயினும் பேசுவேன், எப்பக்கமாயினும் பேசுவேன். 'மனிதனை உயர்த்துவது வீரமே' என்று ஒரு பட்டிமன்றத்தில் முழங்கி ஓர் எவர்சில்வர் தம்ளர் பெற்றேன். மறுமாதமே 'இரக்கமே' என்று உருகி இன்னொரு தம்ளர் பெற்றேன். இப்படியாகப் பதினொரு தம்ளர்கள் சேர்ந்திருந்தன. அவற்றை அடுக்க ஓர் அலமாரியும், அலமாரியை வைக்க ஒரு சுவரும் இல்லாததே குறை.

அப்போதுதான் கோட்டைக்குப் போகும் வழியிலிருந்த பழைய தெருவில் ஒரு மாடி காலியாயிருக்கிறது என்ற செய்தி எட்டியது. காலி என்பதுகூடப் பொருந்தாது; புதிதாய்ப் பிறந்திருந்தது. வீட்டுக்காரர் தமிழ்ச் சமணக் குடும்பத்தைச் சேர்ந்தவர். மேல்சித்தாமூர்ப் பக்கம் நிலம், செஞ்சிக் கடைத்தெருவில் தானிய வியாபாரம். மூன்று தலைமுறையாக நெல்லும் கேழ்வரகும் குடியிருந்த மேல்தளத்தை மனிதர் குடியிருக்கத்தக்கதாக மாற்றியிருந்தார். கடுக்காயும் வெல்லமும் சேர்த்து அரைத்த சுண்ணாம்பால் சுவர்கள் பளபளத்தன. ஒவ்வோர் அறையிலும் கரெண்டு. பின்பக்கம் மாடியிலேயே குளியலறை, கழிப்பறை. அந்தத் தெருவின் பாதி வீடுகள் கோட்டையிலிருந்து சரிந்த கற்களால் கட்டியவை. மன்னர்கள் மலைமேல் ஏற்றியதை மக்கள் தவணைமுறையில் கீழே இறக்கியிருந்தார்கள். எங்கள் குளியலறைச் சுவரிலும் அப்படியொரு கல் பதிந்திருந்தது. அதில் ஒரு யானையின் பின்பாதி மட்டும் இருந்தது. முன்பாதி எந்த வீட்டுச் சமையலறையில் நிற்கிறதோ, யாருக்கும் தெரியாது.

அந்த மாடிக்கு என்னோடு சேர்த்து நால்வர் போட்டி. ஒரு பள்ளி ஆசிரியர், ஒரு கம்பவுண்டர், ஒரு ஜவுளிக்கடைக்காரர். நால்வரையும் ஒரே ஞாயிற்றுக்கிழமை காலையில் முற்றத்தில் உட்காரவைத்து வீட்டுக்காரர் இரண்டே நிபந்தனைகளைச் சொன்னார். மாடியில் புலால் கூடாது. பொழுது சாய்ந்தபின் அடுப்பு எரியக்கூடாது. மற்ற மூவரும் "சரிங்க" என்றார்கள். வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க இன்னா சொல்றீங்க, தம்பி?"

மேடைப் பேச்சாளனிடம் கேட்கக்கூடாத கேள்வி அது. "சரிங்க" என்று நானும் சொல்லியிருக்கலாம். ஆனால் ஏற்கெனவே மூவர் பயன்படுத்திய சொல்லை நான்காமவனாக நான் பயன்படுத்துவதா? எழுந்தேன். துண்டைச் சரிசெய்தேன். தம்ளர் வாங்கித்தந்த இரக்க உரை நெஞ்சில் பசுமையாகவே இருந்தது.

"பெரியோர்களே!" என்று தொடங்கினேன். பெரியோர் ஒருவர்தான்; மற்ற மூவரும் எதிரிகள். "புலால் உண்ணாதே என்பது தொடக்கம், அது முடிவாகாது. ஆட்டுக்கு இரங்குவது எளிது. ஆட்டுக்குக் கண்கள் உண்டு. மாட்டுக்கு இரங்குவது எளிது. மாட்டுக்குக் கண்ணீர் உண்டு. ஈக்கு இரங்குகிறோமா? எறும்புக்கு இரங்குகிறோமா? நம் உறக்கத்தைக் கெடுத்து, நம் உதிரத்தைக் குடித்து, நம் கட்டிலின் சந்திலே ஒண்டிக்கிடக்கும் அந்த மூட்டைப்பூச்சிக்கு என்றைக்கு இரங்குகிறோமோ, அன்றைக்கல்லவா நம் இரக்கம் முழுமை பெறும்!"

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மூட்டைப்பூச்சியைப் பற்றி அதற்கு முன் நான் சிந்தித்ததே இல்லை. ஆடு, மாடு, ஈ, எறும்பு என்று வாக்கியம் படியிறங்கி வந்தது. கடைசிப் படியில் ஏதேனும் ஒன்று நின்றாக வேண்டியிருந்தது. கொசு என்று சொல்லியிருந்தால் ஓசை குட்டையாய் முடிந்திருக்கும்.

கம்பவுண்டர் தன் முழங்காலைச் சொறிந்தார். வீட்டுக்காரர் நெடுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நிமிர்ந்தபோது அவருடைய கண்கள் கலங்கியிருந்தன.

"எங்க வீட்டுலயே வாராவாரம் கட்டில்ல கிருஷ்ணாயில் ஊத்தறோம், தம்பி. மடத்துக்குப் போறேன், வரேன், வெரதம் இருக்கேன். இது ஒண்ணு எனக்குத் தோணவே இல்ல பாருங்க. வெக்கமா இருக்குது." உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "இந்தா, அந்த கிருஷ்ணாயில் டின்ன எடுத்து யாருக்குனா குடுத்துடு. இனிமே இந்த வீட்டுல மூட்டப்பூச்சியக் கொல்றதில்ல. கீழயும் இல்ல, மேலயும் இல்ல."

உள்ளிருந்து ஒரு பாத்திரம் விழும் ஓசை கேட்டது. வீட்டுக்காரம்மாவை அவ்வாறுதான் முதன்முதலில் அறிமுகம் செய்துகொண்டேன்.

வீடு எனக்குக் கிடைத்தது. மாமனாருக்குக் காயிதம் போட்டேன். பதினொரு தம்ளர்களையும் அலமாரியில் அடுக்கினேன். முதல் இரவை அந்த வீட்டில் தனியாகக் கழித்தேன். தனியாக என்பதைத் திரும்பப் பெறுகிறேன். மேல்தளத்தோடு சேர்த்து வீட்டுக்காரர் தந்திருந்த பழைய தேக்குக் கட்டிலில், என் உரையில் இடம்பெற்ற பயனாளிகள் குடும்பம் குடும்பமாகக் காத்திருந்தார்கள். கழுத்து, முதுகு, காது என்று எதையும் விடவில்லை. தரையில் பாய்விரித்துப் படுத்தேன்; தரைக்கும் வந்தார்கள். பேச்சாளன், கேட்பவர்கள் இருக்கும் இடம் தேடிச் செல்ல வேண்டும் என்று மன்றத்தில் எனக்குச் சொல்லித்தந்திருந்தார்கள். அதை இவ்வளவு நேர்மையாகப் பின்பற்றிய ஒரு கூட்டத்தை நான் கண்டதில்லை.

ரகசியமாக மண்ணெண்ணெய் ஊற்றியிருக்கலாமே என்பீர்கள். நடுமுற்றம் திறந்த வீடு. மேலே தும்மினால் கீழே ஆசி கூறுவார்கள். மண்ணெண்ணெய் வாடை மறைக்கக்கூடிய ஒன்றன்று. அதோடு வீட்டுக்காரர் நாள்தோறும் விடிந்ததும் மாடிக்கு வந்துவிடுவார், கையில் ஒரு கொட்டாங்குச்சியும் ஒரு சிறு தூரிகையும் கொண்டு. கட்டிலின் சந்துகளை மெல்ல நீவி, அகப்பட்டவற்றைக் கொட்டாங்குச்சியில் ஏந்தி, துணியால் மூடிக்கொள்வார். பிறகு இருவருமாகக் கோட்டை அகழிக்கரை வரை நடந்து, கல்லிடுக்கில் அவற்றை உயிரோடு விட்டுவிட்டு வருவோம். செஞ்சிக் கோட்டையை எத்தனையோ படைகள் முற்றுகையிட்டன. எல்லாம் உள்ளே நுழைவதற்காக. விருந்தினரைக் கையில் ஏந்திவந்து குடியமர்த்திய பெருமை எங்கள் இருவரையே சேரும்.

"இன்னிக்கி இருவத்திமூணு," என்பார் வீட்டுக்காரர், திரும்பிவரும் வழியில் கழுத்தைச் சொறிந்துகொண்டே. "இதெல்லாம் உங்களாலதான், தம்பி."

அதில் ஐயமே இல்லை.

மாமனாரிடமிருந்து பதில் வந்தது: வரும் ஞாயிறு காலை பஸ்ஸில் மகளோடு வருகிறார். அன்றைக்கு வீட்டுக்காரம்மா என்னைக் கிணற்றடியில் மடக்கினார். அவருடைய முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை தடிப்புகள்.

"இன்னா தம்பி, படிச்சவருதான நீங்க?"

"ஆமாங்கம்மா."

"வீடு வேணும்னா வீட்டக் கேக்கணும். அத்த உட்டுட்டு எங்க கட்டில்ல ஏன் கைய வெச்சீங்க? இவரு ஒருத்தரு சொன்னத இன்னொரு தரம் யோசிக்கமாட்டாரு. என் பேச்ச எடுக்கவும் மாட்டாரு. நீங்க பேசித்தான கெடுத்தீங்க? நீங்களே பேசிச் சரிபண்ணுங்க."

"முயற்சி செய்கிறேன், அம்மா."

"முயற்சி இன்னா முயற்சி. உங்க பொண்டாட்டி வரப்போறாங்கன்னு கேள்விப்பட்டேன். பாவம் அந்தப் பொண்ணு."

உண்மையில் எனக்கு அந்த வேண்டுகோள் இனிக்கவே செய்தது. எதிர்ப்பக்கம் பேசுவது எனக்குப் புதிதா? இரண்டு நாள் உழைத்து ஓர் உரை ஆக்கினேன். வெள்ளிக்கிழமை மாலை, வீட்டுக்காரர் பொழுது சாயுமுன் உணவை முடித்துக்கொண்டு முற்றத்தில் நாற்காலி போட்டு அமர்ந்த நேரத்தில் அரங்கேற்றினேன். உழவன் களை எடுப்பது கொலையா என்று கேட்டேன். மருத்துவர் கிருமியை அழிப்பது பாவமா என்று கேட்டேன். உறங்காத தாய், உறங்காத குழந்தை, உறங்காத நாடு என்று படிப்படியாக ஏறி, உறங்காத நாட்டை மூட்டைப்பூச்சியிடமிருந்து மீட்க அறைகூவல் விடுத்து முடித்தேன். என் வாழ்நாளின் சிறந்த உரைகளில் அது ஒன்று. அடுக்களைக் கதவுக்குப் பின்னாலிருந்து வளையல் ஓசை கைதட்டலைப் போலக் கேட்டது.

வீட்டுக்காரர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். இடையிடையே முதுகை நாற்காலியில் தேய்த்துக்கொண்டார்.

"நல்லா இருக்குது, தம்பி," என்றார் இறுதியில். "எதிராளி இப்படியெல்லாம் சொல்லுவான்னு காட்டறீங்க. ஆனா நீங்க அன்னிக்கிச் சொன்னது இருக்குது பாருங்க, அதுக்கு முன்னால இது நிக்காது."

என்னை வென்றவன் நானே என்று ஆறுதல் கொண்டேன். அந்த ஆறுதல் அன்றிரவு கட்டிலில் கால் நீட்டியதும் தீர்ந்துபோயிற்று.

ஞாயிறு வந்தது. மாமனார் வெள்ளை வேட்டியில், தோளில் மிளகாய் நெடியோடு வந்தார். பின்னால் என் மனைவி, ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு புதுப் பாயுமாக. பெட்டியை மாடிப்படியின் அடியிலேயே இறக்கி வைக்கச் சொன்னார் மாமனார். தீர்ப்பு வரும்வரை சாமான்கள் மேலேறக் கூடாதாம்.

அவர் ஆய்வு செய்த முறையை மெச்சத்தான் வேண்டும். ஒவ்வொரு ஸ்விட்சையும் மும்முறை போட்டு அணைத்தார். கழிப்பறைக் கதவின் தாழ்ப்பாளை உள்ளே நின்றும் வெளியே நின்றும் சோதித்தார். குளியலறையில் நின்று சுவரை உற்றுப் பார்த்தார்.

"இது இன்னாது மாப்ள, பாதி யானை?"

"கோட்டைக் கல்லுங்க, மாமா."

"நல்லாத்தான் இருக்குது. பின்னால பாத்துக்கினு நிக்கிது, குளிக்கிறவங்களப் பாக்காது."

அவர் முகம் மலர்ந்ததைக் கண்டேன். என் மனைவி சன்னலருகே நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கும் அவளுக்கும் இடையில் மீதமிருந்தது ஒரே ஒரு தடைதான். மாமனார் அதன்மேல் அமர்ந்தார். வீட்டுக்காரரும் வீட்டுக்காரம்மாவும் மோர் எடுத்துக்கொண்டு மேலே வந்தார்கள். மாமனார் ஒரு மிடறு குடித்தார். இரண்டாவது மிடற்றில் நிறுத்தினார். தொடையைத் தட்டினார். தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, கட்டிலைச் சுற்றிவந்து பார்த்தார்.

"மாப்ள, இந்தக் கட்டில்ல ஏற்கெனவே ஆளுங்க இருக்குது."

"அது வந்து, மாமா..."

"கிருஷ்ணாயில் ஊத்தலியா?"

பதில் சொன்னவர் வீட்டுக்காரர். பெருமிதத்தோடு முன்வந்து, "உங்க மாப்ளதாங்க என் கண்ணத் தொறந்தாரு," என்று தொடங்கி, என் உரையை ஆடு, மாடு, ஈ, எறும்பு என்று ஒரு சொல் விடாமல், நான் நிறுத்திய இடங்களில் நிறுத்தி, குரல் தாழ்த்திய இடத்தில் தாழ்த்தி, அப்படியே ஒப்பித்தார். என் பேச்சை வெளியிலிருந்து கேட்டது அதுவே முதன்முறை. கொஞ்சம் நீளம் என்று தோன்றியது.

மாமனார் முழுவதும் கேட்டார். பிறகு என்னை ஒருமுறை பார்த்தார். மிளகாயில் கல் கலந்தவனைப் பார்க்கும் பார்வை அது.

"வாம்மா, போலாம். ரெண்டு மணிக்கு ஒரு பஸ் இருக்குது."

"இரு நைனா," என்றாள் என் மனைவி. சன்னலை விட்டு என் முன்னால் வந்து நின்றாள். மணமான ஐந்து மாதங்களில் நாங்கள் பேசிய மொத்தச் சொற்களை இரு கைவிரல்களில் எண்ணிவிடலாம். எண்ணியவரை எல்லாம் நான் பேசியவை.

"இன்னாங்க, நீங்க மெய்யாலுமே அப்படித்தான் நெனைக்கிறீங்களா?"

"இதனை இரண்டு கோணங்களிலிருந்து நோக்கினால்..."

"கோணம் வேணாம். ஆமாவா, இல்லியா?"

வீட்டுக்காரரைப் பார்த்தேன். ஆவலோடு காத்திருந்தார். "ஆமாம்" என்றால் வீடு நிற்கும், மனைவி இரண்டு மணிப் பேருந்தில் போவாள். "இல்லை" என்றால், பொய் சொல்லிக் குடிவந்தவனை எந்த வீட்டுக்காரர் வைத்துக்கொள்வார்? வீடில்லாவிட்டால் மனைவியும் இல்லை. அதே பேருந்து, அதே இரண்டு மணி. எப்பக்கமும் பேசவல்லவன் என்று தருக்கியவனுக்கு அன்று எப்பக்கமும் வாயடைத்தது. அவள் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல," என்றேன்.

அதன்பின் வந்த சொற்கள் உடைந்து உடைந்து வந்தன. "வீடு கிடைக்கணும்னு பேசினேங்க. மூட்டைப்பூச்சிய நான் நெனைக்கவே இல்ல. வாக்கியம் முடியணும், அதுக்காகச் சொன்னேன்." மன்றத்தில் இப்படிப் பேசியிருந்தால் முதல் சுற்றிலேயே இறக்கிவிட்டிருப்பார்கள்.

வீட்டுக்காரரின் முகம் வாடியது. கையிலிருந்த மோர்ச் சொம்பைத் தரையில் வைத்தார்.

"நெனைக்கவே இல்லியா, தம்பி?"

"இல்லீங்க. மன்னிச்சிடுங்க."

"நான் நெனச்சேன்," என்றார். "இத்தினி நாளா காலைல எழுந்து அத்தத்தான் நெனச்சேன். ஒவ்வொண்ணா எடுக்கறப்ப அது கால ஆட்டும். அதுக்கும் பயம்னு ஒண்ணு இருக்குது. நீங்க பொய் சொன்னீங்கன்றதுக்காக அது இல்லன்னு ஆயிடுமா?"

மாமனார்கூடத் தொடையைச் சொறிவதை நிறுத்தியிருந்தார்.

"என் வெரதம் என்னோடது. அத்த நான் உடப்போறதில்ல," என்றார் வீட்டுக்காரர். "மேல இருக்கற கட்டிலு உங்களோடது. அதுல இன்னா ஊத்தறீங்கன்னு நான் கேக்கல, மேல வந்து பாக்கவும் மாட்டேன். மெய்யச் சொன்னதுக்காக வீடு இருக்கட்டும். ஆனா ஒண்ணு, தம்பி. இனிமே இந்த வீட்டுக்குள்ள நீங்க பிரசங்கம் பண்ணக்கூடாது. ஒத்திகையும் கூடாது. எனக்கு மனசு எளகிப்போவுது, அப்புறம் நாந்தான் அவதிப்படறேன்."

உரிமை பறிபோகிறதே என்று நான் மூச்சிழுத்தேன். எதிர்வாதத்தின் முதல் வரிகூட நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"சரிங்க," என்றாள் என் மனைவி. அந்த வீட்டை எடுத்துக்கொண்டபோது நான் சொல்ல மறுத்த அதே சொல்.

மாமனார் மகளைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், என்னை வேண்டுமென்றே விட்டுவிட்டு வீட்டுக்காரரைப் பார்த்தார். "நீங்க கட்டுப்பாடா இருக்கற ஆளு. உங்கள நம்பி உட்டுட்டுப் போறேன்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அடியிலிருந்த டிரங்குப் பெட்டியைத் தம் கையாலேயே தூக்கி மூன்றாம் படியில் வைத்தார். மிச்சப் படிகளை என் பொறுப்பில் விட்டார். இரண்டு மணிப் பேருந்தில் தனியாகப் போனார்.

அவள் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு முதலில் செய்த காரியம், அண்டாவில் தண்ணீர் ஏற்றிக் கொதிக்கவைத்தது. பொழுது சாய இன்னும் நேரமிருந்தது. அடுப்பு எரியத் தடையில்லை. சந்துகளில் அதை ஊற்ற, மொட்டைமாடிக்குக் கட்டிலைக் கொண்டுபோக வேண்டும் என்றாள். நான் தேக்கு மரத்தின் எடையைப் பற்றியும், மாடிப்படியின் குறுகலைப் பற்றியும், இத்தகைய முயற்சிகளில் திட்டமிடுதலின் இன்றியமையாமையைப் பற்றியும் ஒரு சிறு முன்னுரை தொடங்கினேன்.

"பேசாம அந்தப் பக்கம் புடிங்க," என்றாள்.

பிடித்தேன். பாதிப் படியில் கீழிருந்து ஏதோ இடிபடும் ஓசை கேட்டுக் குனிந்து பார்த்தேன். முற்றத்தில் வீட்டுக்காரம்மா தங்கள் கட்டிலொன்றைத் தனியாளாய் மாடிப்படியை நோக்கி இழுத்துக்கொண்டிருந்தார். நாற்காலியில் இருந்த வீட்டுக்காரர் நிமிர்ந்தார்.

"அது எங்க போவுது?"

"மேல. அந்தப் பொண்ணு கேட்டுச்சி."

என் மனைவி எதையும் கேட்டிருக்கவில்லை. கட்டிலின் மறுமுனையிலிருந்து அவள் என்னைப் பார்த்தாள். நான் வாய் திறக்கவில்லை. வீட்டுக்காரர் சற்று யோசித்தார். மாடியில் நடப்பதைப் பார்ப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தவர் அவர். நாற்காலியை எடுத்துத் திருப்பி, தெருப்பக்கம் முகம் காட்டிப் போட்டுக்கொண்டு அமர்ந்தார்.